குழாய் வைத்த பிறகும் காது ஏன் ஒழுகுகிறது?

குழந்தைக்கு எட்டு மாதத்தில் முதல் காதுவலி. மருந்து கொடுத்ததும் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு சளி, அதோடு மறுபடியும் காதுவலி. இப்படியே நான்கைந்து முறை ஆன பிறகு மருத்துவர் காதில் சின்னக் குழாய் வைக்கச் சொல்கிறார். வைத்தாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தலையணையில் மஞ்சள் கறை. "ஒழுகக் கூடாது என்றுதானே குழாய் வைத்தோம்?" என்ற கேள்வி அப்போது எழும்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் குழாய் எதற்காக வைக்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. காதின் அமைப்பிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும்.

நடுக்காது என்னும் அடைத்த அறை

காதுத் துளை வழியாக உள்ளே போனால் குழந்தைகளுக்கு இரண்டு சென்டிமீட்டரைச் சுற்றிய தூரத்தில் செவிப்பறை வந்துவிடும். மெல்லிய, பளபளப்பான தோல் போன்ற சவ்வு அது. அதற்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிறு அறை இருக்கிறது. அதுதான் நடுக்காது. மூன்று குட்டி எலும்புகள் அதற்குள் இருந்து ஒலியை உட்காதுக்குக் கடத்துகின்றன. செவிப்பறை நன்றாக அதிர வேண்டுமென்றால் அதன் இரு பக்கமும் காற்றழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெளிப்பக்கம் திறந்தே இருக்கிறது. உட்பக்கத்துக்குக் காற்று வர ஒரே வழி, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஓடும் ஒரு குறுகிய பாதை. அதற்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தோலோமியோ யூஸ்டாக்கியின் பெயரால் அப்படி அழைக்கிறோம். இந்தப் பாதை சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து மூடும். மலைப்பாதையில் ஏறும்போது காது அடைத்து, விழுங்கியதும் 'டப்' என்று விடுகிறதே, அது இந்தக் கதவு திறக்கும் சத்தம்.

இந்தப் பாதைக்கு மூன்று வேலைகள்: காற்றழுத்தத்தைச் சமப்படுத்துவது, நடுக்காதில் ஊறும் நீரை மூக்குப் பக்கம் வடியவிடுவது, மூக்கில் இருக்கும் கிருமிகள் மேலே ஏறாமல் தடுப்பது. பெரியவர்களுக்கு இது ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம், நன்றாகச் சரிந்தும் இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான், அதுவும் கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில். அதைத் திறக்கும் தசையும் இன்னும் வலுப்பெற்றிருக்காது. ஆக மூன்று வேலையிலும் குழந்தையின் குழாய் அரைகுறைதான். காதுத் தொற்று 6 மாதத்திலிருந்து 2 வயது வரை உச்சத்தில் இருந்து, பள்ளிப் பருவத்தில் தானாகக் குறைவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒரே பெயரில் இரண்டு பிரச்சினைகள்

'காதில் இன்ஃபெக்‌ஷன்' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு நிலைகள் கலந்துவிடுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

1. திடீர் நடுக்காதுத் தொற்று. சளிக்குப் பின்னால் வரும். காய்ச்சல், வலி, இரவு முழுக்க அழுகை. உள்ளே சீழ் சேர்ந்து செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைத்து நிற்கும். நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே, மொராக்ஸெல்லா என்ற மூன்று பாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் இதில் ஈடுபடுகின்றன.

2. நீர் தேங்கிய காது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீரோ பசை போன்ற சளியோ நிற்கும். 'குளூ இயர்' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

முதலாவது முடிந்ததும் இரண்டாவது வருவது வழக்கம். தொற்று ஆறி ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 40% குழந்தைகளுக்கு நீர் இன்னும் நிற்கும். மூன்று மாதத்தில் அது 10% ஆகக் குறைகிறது. அதாவது நீர் தெரிகிறது என்பதாலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகாது. அதற்காக மறுபடி ஆண்டிபயாடிக் கொடுப்பதிலும் பயன் இல்லை.

நீர் நிற்கும்போது கேட்கும் திறன் சராசரியாக 25 முதல் 30 டெசிபெல் குறையும். இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான். பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. 'சொன்ன பேச்சைக் கேட்கிறதே இல்லை' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் கேட்காமலே இருந்திருக்கும்.

ஏன் திரும்பத் திரும்ப?

யூஸ்டேஷியன் குழாயின் அமைப்பு எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான். சிலருக்கு மட்டும் ஏன் விடாமல் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. மூக்கின் பின்னால், யூஸ்டேஷியன் குழாயின் வாயருகே இருக்கும் அடினாய்டு சதை கிருமிகளின் கூடாரமாக இருக்கலாம். நிறையக் குழந்தைகள் சேர்ந்திருக்கும் காப்பகத்துக்குப் போனால் சளி அடிக்கடி வரும், அதன் பின்னாலேயே காதும் வரும். வீட்டில் சிகரெட் புகை, படுத்தபடியே பாட்டிலில் பால் குடிப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகும் சூப்பான் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாய்ப்பால் குறைக்கிறது. நியூமோகாக்கல் தடுப்பூசியும் ஓரளவு குறைக்கிறது. பிளவுபட்ட அண்ணம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் குழாயைத் திறக்கும் தசையே சரியாக இயங்காது என்பதால் அவர்கள் தனிக் கணக்கு.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை: எண்ணிக்கையே தப்பாக இருக்கலாம். குழந்தை வீறிட்டு அழுதாலே செவிப்பறை சிவக்கும். காய்ச்சலிலும் சிவக்கும். சிவப்பை மட்டும் பார்த்து 'காது இன்ஃபெக்‌ஷன்' என்று எழுதிவிட்டால் கணக்கில் ஒன்று கூடிவிடும். புடைத்திருக்கிறதா, பின்னால் நீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குறும்பி அடைத்த காதில், திமிறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்ப்பது எளிதான வேலை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கு ஏன் முக்கியம் என்றால், 'அடிக்கடி வருகிறது' என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது: 6 மாதத்தில் 3 முறை, அல்லது 12 மாதத்தில் 4 முறையும் அதில் ஒன்றாவது கடைசி 6 மாதத்தில் வந்ததாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதி, எந்தக் காது, என்ன மருந்து என்று ஒரு தாளில் குறித்து வைத்தால் குழாய் வேண்டுமா என்ற பேச்சு வரும்போது அந்தத் தாள் நிறைய உதவும்.

மருந்துகளைப் பொறுத்தவரை சுருக்கமாக: வலிக்குப் பாராசிட்டமால் முதல் தேவை. இரண்டு வயதுக்கு மேல், லேசான தொற்று என்றால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து ஆண்டிபயாடிக் தொடங்குவதும் ஏற்கப்பட்ட முறைதான். மூக்கடைப்பு மருந்தும் ஒவ்வாமை மாத்திரையும் தேங்கிய நீரை வடிய வைப்பதில்லை. வராமல் தடுக்க மாதக்கணக்கில் குறைந்த அளவு ஆண்டிபயாடிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை இன்று பரிந்துரைப்பதில்லை. கொடுக்கும் வரை கொஞ்சம் குறையும், நிறுத்தியதும் பழையபடி வரும், நடுவில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

குழாய் என்ன செய்கிறது

செவிப்பறையில் கீறி நீரை எடுப்பது பழைய யோசனை. 1801இல் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் செவிப்பறையில் துளையிட்டுக் கேட்கும் திறனை மீட்டதைப் பதிவு செய்தார். சிக்கல் என்னவென்றால் அந்தக் கீறல் சில நாட்களில் மூடிக்கொள்ளும், நீர் மறுபடி சேரும். துளையைத் திறந்தே வைத்திருக்க ஏதாவது வேண்டும். 1954இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் அதற்கு ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தினார். இன்று காதில் வைக்கும், குரோமெட் எனப்படும் குழாய்கள் அந்த வழியில் வந்தவை.

குரோமெட்டை விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் நூல் சுற்றும் கண்டு ஒன்றை அரிசியைவிடச் சின்னதாகச் சுருக்கியது போல இருக்கும். நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரு பக்கமும் விளிம்பு அகன்று. ஒரு விளிம்பு செவிப்பறைக்கு உள்ளே, மற்றது வெளியே. நடுத்துளை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். மயக்க மருந்து கொடுத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, சின்னக் கீறல் போட்டு, நீரை உறிஞ்சி, இதைப் பொருத்துவார்கள். இரண்டு காதுக்கும் சேர்த்துக் கால்மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இந்தக் குழாய் கிருமியைக் கொல்வதில்லை. சளி பிடிப்பதைத் தடுப்பதில்லை. யூஸ்டேஷியன் குழாயைச் சரிசெய்வதும் இல்லை. பின்கதவு சரியாகத் திறக்காத அறைக்கு முன்பக்கம் ஒரு சன்னல் வைப்பதுதான் அதன் வேலை. காற்று உள்ளே போகும், அழுத்தம் சமமாகும், நீர் சேராது, பிள்ளைக்கு நன்றாகக் கேட்கும். அப்புறம் தொற்று வந்தாலும் சீழ் உள்ளே அடைபட்டுப் புடைக்காமல் வெளியே வந்துவிடும்.

தலையணைக் கறைக்கு விடை இதுதான். முன்பு அதே தொற்று வந்தபோது சீழ் செவிப்பறைக்குப் பின்னால் நின்று வலித்தது. இப்போது வழி இருப்பதால் வெளியே ஒழுகுகிறது. வலி, காய்ச்சல் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: குழாய் திறந்திருக்கும்போது காய்ச்சல் அடித்தும் காது காய்ந்து இருந்தால், காரணம் பெரும்பாலும் காது இல்லை, வேறெங்காவது தேட வேண்டும்.

யாருக்கு வைக்க வேண்டும்?

இதில்தான் பெற்றோருக்கு இரண்டு மருத்துவர்களிடம் இரண்டு பதில் கிடைக்கிறது. ஓரளவு தெளிவான இடங்கள் இவை:

1. இரு காதிலும் நீர் 3 மாதத்துக்கு மேல் நின்று, கேட்கும் திறன் குறைந்திருந்தால் குழாய் பற்றிப் பேசலாம். கேட்புச் சோதனை செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது.
2. தொற்று அடிக்கடி வருகிறது, ஆனால் பரிசோதிக்கும் நாளில் இரண்டு காதிலும் நீரே இல்லை என்றால் பொதுவாகப் பொறுத்திருப்பதே முறை. இடையில் நீர் வடிகிறது என்றால் யூஸ்டேஷியன் குழாய் ஓரளவு வேலை செய்கிறது என்று பொருள்.
3. பேச்சு தாமதம், பிளவுபட்ட அண்ணம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை இருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

அடிக்கடி தொற்று வரும் சிறு குழந்தைகளுக்குக் குழாய் எவ்வளவு உதவும் என்பதில் 2021இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளித்தது. 6 முதல் 35 மாதம் வரையிலான 250 குழந்தைகளில் ஒரு பாதிக்குக் குழாய் வைத்தார்கள், மறுபாதிக்குத் தொற்று வரும்போது மருந்து மட்டும். இரண்டு ஆண்டுகளில், ஓர் ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு வந்த தொற்று முதல் குழுவில் சராசரி 1.48, இரண்டாவதில் 1.56. பெரிய வித்தியாசம் இல்லை. வயது கூடக் கூட இரு குழுவிலும் தொற்று குறைந்தது. அதே சமயம், மருந்துக் குழுவில் பல குழந்தைகளுக்குத் தொற்று நிற்காததால் நடுவில் குழாய் வைக்க வேண்டி வந்தது. ஆகவே இதை 'குழாய் வீண்' என்று படிப்பது தப்பு. அவசரப்பட வேண்டியதில்லை என்று படிப்பது சரி.

குழாய் வைத்த பிறகு வரும் தொல்லைகள்

1. ஒழுகுதல். எல்லாவற்றிலும் இதுதான் அதிகம். குழாய் இருக்கும் காலத்தில் ஒருமுறையாவது ஒழுகுவது சகஜம். இங்கே நடக்கும் பெரிய தவறு, வாய்வழி ஆண்டிபயாடிக்கிலேயே நிற்பது. நெதர்லாந்தில் 230 குழந்தைகளிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் ஒழுகிக்கொண்டிருந்தவர்கள்: ஆண்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த காதுச் சொட்டு விட்டவர்களில் 5%, வாய்வழி மருந்து எடுத்தவர்களில் 44%, எதுவும் செய்யாதவர்களில் 55%. இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை. காரணம் எளிது: குழாய் வழியாகச் சொட்டு நேரே தொற்று உள்ள இடத்துக்குப் போகிறது, அங்கே மருந்தின் செறிவு வயிற்றின் வழியே போவதைவிடப் பல நூறு மடங்கு.

ஆனால் சொட்டு உள்ளே போக வேண்டும். முதலில் வெளியே நிற்கும் சீழைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும், சீழ் நிறைந்த காதில் விட்டால் மருந்து மேலேயே மிதக்கும். பாட்டிலைக் கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த சொட்டு விழுந்தால் தலை சுற்றும், குழந்தை அடுத்த முறை பாட்டிலைக் கண்டாலே ஓடும். பக்கவாட்டில் படுக்கவைத்துச் சொட்டு விட்டபின், காதுத் துளைக்கு முன்னால் கன்னப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னக் குருத்தெலும்பு மடலை நாலைந்து முறை மெதுவாக அமுக்கி விடவும். மருந்து குழாய்க்குள் இறங்குவது அந்த அமுக்கலில்தான். பெரிய பிள்ளைகள் 'தொண்டையில் கசக்குது' என்பார்கள். சொட்டு சேர வேண்டிய இடம் சேர்ந்து, யூஸ்டேஷியன் குழாய் வழியே இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

எந்தச் சொட்டு என்பதும் முக்கியம். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகைச் சொட்டுகள் குழாய் உள்ள காதுக்குப் பாதுகாப்பானவை. ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை உட்காதைப் பாதிக்கக்கூடியவை. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பாட்டிலையோ எண்ணெயையோ விடக் கூடாது என்பது இதனால்தான்.

2. அடைப்பு. காய்ந்த சீழ், ரத்தம், குறும்பி குழாயின் துளையை அடைத்துவிடும். வெளியே பார்த்தால் குழாய் அழகாக இருக்கும், உள்ளே மறுபடி நீர் நிற்கும். டிம்பனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். சில நாள் சொட்டு விட்டால் அடைப்பு கரைவது உண்டு.

3. சதை வளர்ச்சி. குழாயைச் சுற்றிச் சிவந்த சிறு சதை வளர்ந்து ரத்தம் கசியலாம். பார்த்தால் திகிலாக இருக்கும், வலி இருக்காது. ஸ்டீராய்டு கலந்த சொட்டுக்குப் பெரும்பாலும் அடங்கும்.

4. சீக்கிரம் விழுதல். சாதாரண குரோமெட் 6 முதல் 18 மாதத்தில், செவிப்பறை வளரும்போது தானாக வெளியே தள்ளப்பட்டு குறும்பியோடு வந்துவிடும். சிலருக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே வந்துவிடுகிறது. அரிதாக உட்பக்கம் விழுவதும் உண்டு.

5. விழாமல் தங்குதல். 2, 3 ஆண்டுகள் ஆகியும் நின்றால் எடுத்துவிடுவது பற்றி யோசிப்பார்கள்.

6. ஓட்டை மூடாமை. குறுகிய காலக் குரோமெட் விழுந்த பின் 2% அளவில் துளை தங்கிவிடுகிறது. நீண்ட காலம் நிற்கும் 'டி' வடிவக் குழாயில் இது 15% தாண்டுகிறது. அந்த வகையை முதல் முறையே வைக்காமல் இருப்பதன் காரணம் இது.

செவிப்பறையில் வெள்ளைத் திட்டுகள் தெரிவதும் உண்டு. கேட்பதை அது பெரும்பாலும் பாதிப்பதில்லை.

தண்ணீர் படலாமா?

குளிப்பதற்கும் நீச்சல்குளத்தில் மேலாக நீந்துவதற்கும் காது அடைப்பான் எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. அவ்வளவு சின்னத் துளையில் நீர் தானாக நுழைவது கடினம், அழுத்தம் வேண்டும். அதனால் ஆழத்தில் முங்குவது, தலை மூழ்கச் சோப்பு நீரில் கிடப்பது, கலங்கிய ஏரி, குளத்து நீர் இவற்றில் கவனம் வேண்டும். சோப்பு, நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்து அதைச் சுலபமாக உள்ளே போக விடும். நீர் பட்டாலே வலிக்கிறது, ஒவ்வொரு முறையும் ஒழுகுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு அடைப்பான் போடுவதுதான் சரி.

எப்போது ஓட வேண்டும்?

ஒழுகல் ஒரு வாரச் சொட்டுக்கும் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்து, சீழைக் கிருமிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குழாயின் மேல் கிருமிகள் பிசின் போன்ற படலமாக ஒட்டிக்கொள்வதுண்டு, அதற்கு மருந்து எட்டாது, சில சமயம் குழாயையே எடுத்தால்தான் ஒழுகல் நிற்கும்.

காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காது மடல் முன்னே தள்ளி நிற்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, தள்ளாட்டம் இவை வேறு கதை. தொற்று பக்கத்து எலும்புக்கோ மூளை உறைக்கோ பரவியிருக்கலாம். அன்றே மருத்துவமனை.

குழாய் விழுந்த பிறகு

பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் குழாய் விழும் நேரத்தில் யூஸ்டேஷியன் குழாய் தன் வேலையைப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். சிலருக்கு நீர் மறுபடி சேரும், இரண்டாவது முறை வைக்க வேண்டி வரும். அப்போது, குறிப்பாக 4 வயது தாண்டியிருந்தால், அடினாய்டையும் சேர்த்து எடுப்பதா என்ற கேள்வி வரும். அந்த வயதில் அது மூன்றாவது குழாய்க்கான வாய்ப்பைக் குறைக்கிறது. சின்னக் குழந்தைகளில் மூக்கடைப்பு, குறட்டை போன்ற வேறு காரணம் இல்லாமல் எடுப்பதில் அவ்வளவு பயன் தெரியவில்லை.

குழாய் காதிலிருந்து வந்து விழுவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான். விழுந்துவிட்டதென்று தெரிந்த பின்னும் ஒருமுறை போய், துளை மூடியதா, உள்ளே நீர் இருக்கிறதா, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துவிட வேண்டும்.